எனக்கு மட்டும் ஏன் கிதாப்?

"எனக்கு மட்டும் ஏன் சேர் எப்பவும் கிதாப்?"

தரம் ஒன்பதில் என் அரபு வகுப்பில், ஒரு சொல்லின் வேரெழுத்துகளைக் கண்டுபிடிக்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் இப்படிக் கேட்டான். கதப என்றால் எழுதினான். கிதாப் புத்தகம், மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம். எல்லாவற்றுக்கும் ஒரே மூன்றெழுத்து வேர். இது பிடிபட்டால் பிள்ளைகளுக்கு அரபு மேல் பயம் போய்விடும். 'கால' (சொன்னான்) அப்படியில்லை. வேரில் உள்ள வாவ் என்ற எழுத்து அங்கே அலிஃப் என்ற எழுத்தாக மாறி நிற்கும், யகூலு என்று வரும்போதுதான் தெரியும். அதை மற்றவர்களிடம் கேட்பேன். அவனிடம் கேட்டதில்லை.

காரணம் இருந்தது. 1990 ஒக்டோபரில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது வெளியேறிய குடும்பம் அது. பையன் புத்தளத்தில் பிறந்து, பிறகு யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்கு வந்தவன். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். முதலில் சரியான பதில் சொல்லிப் பழகட்டும் என்று நினைத்தேன். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்குச் சொந்த வெற்றிதான் பலமான ஊற்று என்று உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1977இல் எழுதியதைப் படித்தவன் நான். சுலபமான வெற்றி மட்டுமே கண்டவர்கள் ஒரு தோல்வியில் துவண்டுவிடுவார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த இரண்டாவது வரியை அன்று நான் யோசிக்கவில்லையா, அல்லது அதற்கான நேரம் வரவில்லை என்று ஒத்திப்போட்டேனா?

ஆனால் அவன் தஜ்வீதோடு, அதாவது உச்சரிப்பு விதிகளோடு, குர்ஆன் ஓதுவதைக் கேட்டிருக்கிறேன். ஐன், ஹம்ஸா என்ற இரண்டு எழுத்துகளின் ஒலியும் அவ்வளவு துல்லியமாகப் பிரியும். அப்படிப்பட்டவனுக்கு கிதாப் எப்படிப் பட்டிருக்கும்?

"சரி மகன், 'கால'வுக்கு நடு வேரெழுத்தைச் சொல்லுங்க," என்றேன்.

அலிஃப் என்றான். பிழை. விளக்கினேன். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டான். முகத்தில் வாட்டம் தெரியவில்லை. நிம்மதி மாதிரிகூட இருந்தது. நான் அப்படிப் பார்க்க விரும்பியிருக்கலாம்.

தரம் பத்தில் பாடம் தெரிவுசெய்தபோது அரபை விட்டு வணிகக் கல்வியும் கணக்கீடும் எடுத்தான். வாப்பாவின் கடைக்கு உதவும் என்றான். நியாயமான காரணம்தான். வகுப்பில் நடந்ததற்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். கேட்டிருக்கலாம், ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை வாத்தியாரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லுமா?

இப்போதும் பயந்த பிள்ளைகளிடம் கிதாபில்தான் தொடங்குகிறேன். அதை விடமாட்டேன். எப்போது நிறுத்துவது என்பதைத்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.