பதினேழாம் குழி

இன்று காலை ஆய்வகத்தில் விளக்கைப் போடுவதற்கு முன்பே திரையைப் பார்த்துவிட்டேன். 24 கோடுகளில் ஒன்று மட்டும் மேலே ஏறி நின்றது.

பதினேழாம் குழி.

உள்ளங்கை அளவுத் தட்டுதான், அதில் 24 குழிகள். ஒவ்வொரு குழியின் மின்சாரமும் திரையில் ஒரு கோடு. ஒவ்வொரு குழியும் ஒரு குட்டி நுண்ணுயிர் மின்கலம். அடியில் மின்முனை, அதன்மேல் கொஞ்சம் பாக்டீரியா கரைசல். ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியா, உணவைச் செரித்து வந்த எலக்ட்ரானை மின்முனையில் இறக்கி வைக்கும். அதுதான் மின்சாரம். எல்லா பாக்டீரியாவுக்கும் இது கைவராது. எதற்கு வரும் என்று தேடுவதில்தான் பாடு.

முன்பு பெரிய கலத்தில் ஒவ்வொன்றாக வைத்து, வாரக்கணக்கில் காத்துக் கிடப்பேன். இப்போது 24ஐயும் ஒரே சமயத்தில் பார்த்துவிடலாம்.

பதினேழில் இருந்தது ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியா. இப்படி மின்சாரம் தருவதில் புகழ்பெற்ற ஷிவானெல்லா ஒனைடென்சிஸ் என்ற பாக்டீரியாவும் நியூயார்க்கின் ஒனைடா ஏரிச் சேற்றில் கிடைத்ததுதான். நாம் மிதித்துக் கடக்கும் சேற்றில் இன்னும் எத்தனை பெயரில்லாமல் கிடக்கின்றனவோ!

சரி, ஒரு குழியை மட்டும் நம்ப முடியாது. அதே பாக்டீரியாவை இன்னும் மூன்று குழிகளில் இட்டிருக்கிறேன். பக்கத்துக் குழியில் பாக்டீரியா இல்லாத வெறும் கரைசல்.

நாளைக் காலையும் அந்தக் கோடு ஏற வேண்டும்.