இடி விழுந்த பிறகு திறந்த டிஸ்க்

கோலாலம்பூர் செந்தூலில் சாயங்கால மழை எப்படி என்று தெரியும்தானே, நாலு மணிக்கு வானம் கறுத்தால் இடிக்கிற இடியில் ஜன்னல் கண்ணாடி அதிரும். போன வருஷம் அப்படி ஒரு நாளில் என் மடிக்கணினியும், அதில் எப்போதும் சொருகியே கிடந்த ஹார்ட் டிஸ்கும் ஒரே அடியில் போய்விட்டன. பேக்கப் இருக்கிறது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

நல்லவேளை, பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டில் இன்னொரு டிஸ்க் இருந்தது. தீபாவளிக்குப் போனபோது அங்கே உட்கார்ந்து பேக்கப் எடுத்து, அப்படியே மறந்துவிட்டு வந்தது. லோயாட் பிளாசாவில் புது மடிக்கணினி வாங்கி அதைச் சொருகினேன். ஆவணங்கள் வந்தன, டெஸ்க்டாப்பில் கிடந்த குப்பைகூட வந்தது, அம்மாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்த ஃபோல்டர் மட்டும் வரவில்லை. நான் பயன்படுத்தியது விண்டோஸ் 8-உடன் 2012-இல் வந்த ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதி. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி இடங்களை அதுவே மணிக்கொரு தடவை நகலெடுத்துக்கொள்ளும், ஆனால் டி டிரைவில் நாமாக ஒரு ஃபோல்டர் போட்டால் அதையும் நாம்தான் சேர்த்துவிட வேண்டும். நான் சேர்க்கவில்லை. அப்புறம் என்ன, ஆல்பத்தை மறுபடி பிரித்து மூன்று வார இறுதிகள் ஸ்கேன் செய்தேன்.

தம்பி மேக் வைத்திருக்கிறான். அதில் 2007 முதல் இருக்கிற டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி, நகல்களைக் கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடைசி ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கும் முந்தியதற்கு வாரத்துக்கொன்று என்று வைத்திருந்து, டிஸ்க் நிறைந்தால் பழையதைத் தானே அழித்துக்கொள்கிறது. அவன் ஒன்றும் யோசிப்பதில்லை. அதுதான் எனக்குப் பொறாமை.

எல்லாம் கிளவுடில் இருக்கிறதே என்பவர்களுக்கு: வெறும் சிங்க், அதாவது இங்கே இருப்பதை அப்படியே அங்கேயும் வைத்துக்கொள்வது என்றால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும், கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அவ்வளவுதான்.

இப்போது என்னிடம் இரண்டு டிஸ்க். ஒன்று வீட்டில், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவேன். இன்னொன்று அக்காவிடம், போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஏதாவது ஒரு ஃபைலை டிஸ்கிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பார்ப்பேன். போன மாதம் வந்தது பாட்டி படம். பக்கத்தில் நிற்கிற பெண் யார் என்று அம்மாவுக்கே தெரியவில்லை, அக்காவிடம் கேட்கச் சொன்னார்.