வெற்று மதிப்புக்கும் வகை சொல்லுங்கள்

தரவுதளத்திடம் தரவு கேட்கும் வினவல் மெதுவாக ஓடுகிறது என்றதும், இன்டெக்ஸ் இருக்கிறதா, கனெக்‌ஷன் பூல் போதுமா என்றுதான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஜாவாவில் எழுதப்பட்ட தரவுதள நிரல்களைச் சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது வேறு: நல் எனப்படும் வெற்று மதிப்பு எந்தத் தரவு வகையோடு அனுப்பப்படுகிறது?

ஜாவா நிரலைத் தரவுதளத்தோடு இணைக்கும் ஜேடிபிசியில் வெற்று மதிப்பை வைக்க உதவும் செட்நல் என்ற முறைக்கு, எத்தனையாவது அளபுரு (வினவலில் மதிப்புக்காக விடப்பட்ட இடம்) என்பதோடு அதன் எஸ்கியூஎல் வகையையும் தர வேண்டும். மதிப்பே இல்லாத ஒன்றுக்கு வகை எதற்கு என்று தோன்றலாம். மதிப்பு வந்து சேருவதற்கு முன்பே வினவலைப் பகுத்து, எந்த ஒப்பீட்டைப் பயன்படுத்துவது என்று தரவுதளம் முடிவு செய்ய வேண்டியிருப்பதால்தான் வகை தேவைப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுதளத்தில் ஓர் அளபுரு வெற்றா என்று மட்டும் கேட்கும் நிபந்தனையை வகை சொல்லாமல் அனுப்பினால், அதன் வகையைத் தீர்மானிக்க முடியவில்லை என்ற பிழை வரும். வினவல்களை இயக்க உதவும் ஜாவா நூலகமான மைபாட்டிஸ், வகை குறிக்கப்படாத வெற்று மதிப்பை இயல்பாக 1111 என்ற எண் கொண்ட 'அதர்' வகையில் அனுப்புவதும், ஆரக்கிள் தரவுதளத்தோடு பேசும் இணைப்பு நிரலான டிரைவர் அதை ஏற்க மறுப்பதும் அத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை.

பிழையாக வெளிப்பட்டுவிட்டால் உடனே திருத்திவிடலாம். பிழை ஏதும் காட்டாமல் நேரத்தை மட்டும் தின்னும் நிலைதான் கவலைக்குரியது. ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் ஜேடிபிசி டெம்ப்ளேட்டுக்கு வகை தெரியாத வெற்று மதிப்பைக் கொடுத்தால், அது டிரைவரிடம் அளபுருவின் வகை போன்ற விவரங்களை, அதாவது மெட்டாடேட்டாவைக் கேட்கிறது. சில டிரைவர்கள் அதற்காக ஒவ்வொரு முறையும் சர்வர் வரை போய்த் திரும்புகின்றன. ஆயிரம் வரிசைகளை ஒரே தொகுதியாகச் செருகுகிறோம், ஒவ்வொரு வரிசையிலும் ஆறு நெடுவரிசைகள் வெற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வர அரை மில்லிவினாடி ஆனாலும், 6,000 கேள்விகளுக்கு மூன்று வினாடிகள் போய்விடும். பயணங்களைக் குறைப்பதற்காகத்தான் தொகுதியாக அனுப்பினோம் என்பதை எண்ணும்போது இது எவ்வளவு பெரிய வீண் என்று புரியும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கேள்வியும் மிகச் சிறியது என்பதால், மெதுவான வினவல்களின் பதிவில் இவை சிக்குவதில்லை. சுமை இருக்கும் நேரத்தில் நிரல் அந்தக் கணத்தில் எந்த அழைப்புகளில் நிற்கிறது என்று காட்டும் திரெட் டம்ப் எடுத்து, கெட்பாராமீட்டர்மெட்டாடேட்டா என்ற அழைப்பு திரும்பத் திரும்பத் தென்படுகிறதா என்று பார்ப்பதே நான் நம்பும் வழி.

ஸ்பிரிங் 6.1.2 முதல் போஸ்ட்கிரெஸுக்கும் மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வருக்கும் இந்தக் கேள்வி இயல்பாகவே தவிர்க்கப்படுகிறது. பழைய பதிப்புகளில் ஸ்பிரிங்.ஜேடிபிசி.கெட்பாராமீட்டர்டைப்.இக்னோர் என்ற பண்பை ட்ரூ என்று அமைக்கலாம். நூற்றுக்கணக்கான இடங்களில் வினவல்கள் சிதறிக் கிடக்கும் பழைய மென்பொருளில் இதுவே நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் அமைப்பு முழுவதற்கும் பொருந்தும் மாற்றம் என்பதால், வெற்று மதிப்பு செல்லும் ஒவ்வொரு வினவலையும் சோதித்த பிறகே அதை இயக்க வேண்டும்.

புதிதாக எழுதுவோர் வகையை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. ஸ்பிரிங்கில் அளபுருக்களைத் தர உதவும் மேப்எஸ்கியூஎல்பாராமீட்டர்சோர்ஸில் பெயர், மதிப்பு ஆகியவற்றோடு வகையையும் மூன்றாவதாகச் சேர்க்கலாம். மைபாட்டிஸில் அளபுருவின் பக்கத்திலேயே ஜேடிபிசிடைப் என்று குறிக்கலாம். அந்த நெடுவரிசை தேதியா எண்ணா என்பது எழுதுபவருக்குத் தெரிந்த செய்தி. அதை இயங்கும் நேரத்தில் வலையமைப்பைக் கடந்து போய்க் கேட்க வைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

வகையைச் சொல்லும்போது அது மாறாமலும் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர், ஒரே பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (மதிப்புகளை மட்டும் மாற்றித் திரும்ப இயக்கும் வினவல்) ஐந்தாவது முறை இயங்கும்போது அதைச் சர்வரில் பெயரிட்டுத் தயாராக வைத்துக்கொள்ளும். ஒரு வரிசையில் எண்ணை வைக்கும் செட்இன்ட், அடுத்த வரிசையில் எழுத்துகளுக்கான வார்கேர் வகையோடு செட்நல் என்று மாற்றி மாற்றி எழுதினால், தயாரித்ததைக் கைவிட்டு மறுபடி தயாரிக்க நேரும். எண் நெடுவரிசையின் வெற்று மதிப்பை இன்டிஜர் வகையிலேயே அனுப்பினால் இந்த மறுதயாரிப்பு நிகழாது.