சிப்பங்களுக்கு நடுவே இருபது நிமிடம்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு கிராமத்து நெல் கொள்முதல் நிலையம். அங்கே பட்டியல் எழுத்தர் நான். சம்பா அறுவடை வந்துவிட்டால் களம் முழுக்க நெல் அம்பாரம்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்த்து, தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, எடை போட்டுப் பதிய வேண்டும். விழித்திருப்பதுதான் இதில் பாதி வேலை. எனக்கு வராததும் அதுதான்.

நார்கோலெப்ஸி: பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துபோவதால் வருவது. திருச்சியில் இரண்டு மணிக்கொரு தரம் என்னைப் படுக்கவைத்துச் சோதித்தார்கள். மூன்று நான்கு நிமிடத்தில் தூங்கி, உடனே கனவுக்கும் போயிருக்கிறேன். அதுவரை யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்கள் பக்கம் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாயாதவனைத்தான் வைத்தியரிடம் அழைத்துப் போவார்கள்.

விழித்திருக்க மோடாஃபினில் கொடுத்தார்கள், 200 மில்லிகிராம். முதல் வருடம் அது மாத்திரை இல்லை, வரம். மூன்றாம் வருடம் பத்து மணிக்கே இமை கனத்தது. அளவைக் கூட்டினார்கள். அப்புறம் மெத்தில்ஃபெனிடேட் என்ற இன்னொரு விழிப்பு மருந்தும் சேர்ந்தது. நெஞ்சு படபடக்கும், இரவில் கொட்டக் கொட்ட விழிப்பேன், பகலில் பழையபடி சொக்கும்.

ஒரு நாள் நான் தூங்கிவிட்டேன், கை தூங்கவில்லை. 62 சிப்பம் என்று எழுதத் தொடங்கிய பேனா அடுத்த மூன்று வரிக்கு ஏதோ கிறுக்கிக்கொண்டே போய்ப் பக்கத்தின் ஓரத்தில் நின்றிருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி வாயை ஊதச் சொன்னார். ஊதினேன். அத்தனை விவசாயிகள் முன்னால்.

குறட்டை, மூச்சடைப்பு ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தபிறகு டாக்டர் சொன்னார்: இல்லாத பொருளை மாத்திரை திருப்பித் தராது, வெளியே இருந்து உலுக்கும், அவ்வளவுதான். மேட்டூரில் தண்ணீர் இல்லாதபோது கடைமடை மதகைத் திறந்து வைத்த கதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொல்லித்தான் அளவு குறைந்தது. பைக்கை விற்றேன், இப்போது பஸ். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் சாக்குக் கட்டின் மேல் இருபது நிமிடத் தூக்கம். சிரித்தால் எனக்கு முழங்கால் தொய்ந்துவிடும், அதுவும் இந்த நோய்தான். அதனால் சுமைதூக்கும் அண்ணன்மார் கதை சொல்ல ஆரம்பித்தாலே நான் உட்கார்ந்துவிடுவேன். இதையெல்லாம் அவர்களிடம் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆனது. சொன்னதும், "இதுக்கா இவ்வளவு நாள் மூஞ்சிய உர்ருனு வச்சிருந்தே?" என்றார் மூத்தவர்.

போன மாசியில் பதினொன்றுக்கு ஒரு பெரியவர் டிராக்டரோடு வந்திருக்கிறார். "பில்லு தம்பி தூங்குது, இருபது நிமிசம்" என்று உட்காரவைத்திருக்கிறார்கள். நான் எழுந்து பார்த்தபோது பக்கத்துச் சாக்குக் கட்டின் மேல் சாய்ந்து அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. அடுத்த ஆளின் நெல்லை எடைபோடச் சொன்னேன்.