பீரோ ஏறின படகு

பீமுனிவாரிபாளையம் படகுத்துறையில் இன்னிக்கு ஒரு பீரோவை ஏத்த ஆறு பேர். கல்யாணச் சீர். பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்கிற இருக்கம் தீவுக்குப் போகுது.

படுக்க வச்சுக் கட்டியாச்சு. கண்ணாடிக் கதவு மேல் பக்கம். பாதி வழியில் தண்ணி குறைஞ்சு, மோட்டாரைத் தூக்கிட்டு கழி போட்டுத் தள்ளினார் படகுக்காரர். கண்ணாடியில் மேகம் ஆடிக்கிட்டே கூட வந்துச்சு.

"பாலம் வந்தா குட்டியானை வண்டியில வாசல்லயே இறக்கிடலாம்"னார் பொண்ணோட மாமா. படகுக்காரர் வாயைத் திறக்கல.

2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இதே ஏரியில, பழவேற்காட்டுப் பக்கம், படகு கவிழ்ந்து 22 பேர் போனாங்க. தீவுல ராத்திரி பிரசவ வலி எடுத்தா விடியட்டும்னு சொல்ல எனக்கு வாய் வராது.

பாலம் வேணும்.

ஆனா மண்ணைக் கொட்டி மேடாக்கிற பாலம் வேணாம். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு அப்படி மண்மேடு போட்டு இந்த ஏரியைக் குறுக்கே வெட்டித்தான் போகுது. நீரோட்டம் நின்னா இறால் என்னாகும்னு வலை போடுறவங்களைக் கேளுங்க. தூண் நட்டுக் கட்டட்டும். செலவு கூடத்தான் ஆகும். (ராக்கெட் விடுற ஊருக்குப் பக்கத்து ஊருங்க இது!)

கரை சேர்ந்ததும் மாமா கூலியை நீட்டினார்.

"சீருக்கு எதுக்கு மாமா காசு"ன்னு கழியைத் தூக்கிக்கிட்டு நகர்ந்துட்டார் படகுக்காரர்.