நான்கு ஆச்சரியக்குறிகள்

பாண்ட் மாஸ்ரர் காலமான செய்தி வந்த அன்று கல்லூரிப் பழைய மாணவர் சங்க வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் முதலில் எடுத்தது அந்தப் பரிசளிப்பு விழாக் கதையைத்தான். பிரதம விருந்தினர் எழுந்து நிற்க, கல்லூரிக் கீதத்தின் முதல் வரியிலேயே அல்ரோ சக்ஸபோன் தன்பாட்டில் எங்கோ போனது. வாசித்தவன் பியானோவுக்கு எழுதிய ஸ்வரத் தாளை அப்படியே பார்த்து ஊதியிருந்தான். அல்ரோ ஈ-ஃபிளாற் வாத்தியம்; தாளில் ஸி கண்டு விரல் வைத்தால் கேட்பது ஈ-ஃபிளாற். பியானோவின் ஸி வேண்டுமென்றால் ஏ வாசிக்கவேண்டும். மண்டபம் சிரித்தது.

மாஸ்ரர் பிரம்பை எடுக்கவில்லை. அடுத்த வியாழன் முதலில் சிகரெட் தாளை எடுத்தார். ஒவ்வொரு சாவிக்கும் அடியில் துளையை மூடும் ‘பாட்’ என்ற சிறு மெத்தைக்குக் கீழே தாளை வைத்து, சாவியை மெல்ல மூடி, இழுத்துப் பார்த்தார். தாள் தடையில்லாமல் வழுகி வந்த இடத்தில் காற்று ஒழுகுகிறது. மேலே ஒரு பாட் ஒழுகினால் கீழ் ஸ்வரங்கள்தான் கொப்புளிக்கும். “பிழை முழுக்கப் பொடியன்ர இல்லை” என்றார்.

பிறகு அமெரிக்க ஜாஸ் சக்ஸபோன்காரர் ஓர்நெற் கோல்மனின் முதல் இசைத்தட்டைப் போட்டார். ‘சம்திங் எல்ஸ்’, பின்னால் நான்கு ஆச்சரியக்குறி. டெக்சாசின் ஃபோர்ட் வேர்த்தில் தானாகவே சக்ஸபோன் பழகிய கோல்மனும் சிறுவயதில் ஸியை ஏ என்று நினைத்திருந்தவர். தேவாலய பாண்டில் அகப்பட்டு அவமானப்பட்டவர்.

லொஸ் ஏஞ்சல்ஸில் 1958 பெப்ரவரி, மார்ச்சில் கொன்ரெம்பரரி நிறுவனத்துக்காகப் பதிவான ஒன்பது உருப்படிகள், எல்லாம் அவருடையவை. மெட்டுகளை விற்கப் போனவருக்கு வாசிக்கவே இடம் கிடைத்தது. டொன் செரி ட்ரம்பெற், பில்லி ஹிக்கின்ஸ் ட்ரம்ஸ், டொன் பெய்ன் பாஸ். வோல்ரர் நொறிஸின் பியானோவில்தான் சங்கடம். பன்னிரண்டு தாள அளவுள்ள (பார்) புளூஸ் மெட்டு ஒன்றை மாஸ்ரர் எங்களை எண்ண வைத்தார். ஐந்தாவது அளவில் பியானோ நாலாம் ஸ்வரத்தின் ஸ்வரக்கூட்டுக்கு (chord) மாறிவிடும். கோல்மனுக்கு அந்த அவசரமில்லை, தன் வாக்கியம் முடிந்த பிறகே வருவார். ஸ்வரத்தையும் கொஞ்சம் வளைப்பார், நம் நாதஸ்வரக்காரர் போல. பியானோவால் வளைய முடியாது. இரண்டும் உரசும்போது ‘சுருதி பிசகு’ என்று காது சொல்கிறது. அடுத்த தட்டில் அவர் பியானோவையே எடுத்துவிட்டார். அதுவே சரி என்பது மாஸ்ரரின் தீர்ப்பு, என்னுடையதும்.

1959 நவம்பரில் நியூயோர்க் ஃபைவ் ஸ்பொற் ஜாஸ் விடுதியில் கோல்மன் வாசிக்க வந்தபோது பியானோக் கலைஞர் ஜோன் லூயிஸும் இசை நடத்துநர் லெனார்ட் பேர்ன்ஸ்ரைனும் புகழ்ந்தார்கள். ட்ரம்பெற் கலைஞர் ரோய் எல்ட்ரிஜ் ஏமாற்று என்றார். 1962 ஜனவரியில் ‘டவுன் பீற்’ ஜாஸ் சஞ்சிகை கோல்மனுடைய ‘ஃப்ரீ ஜாஸ்’ தட்டுக்கு இரண்டு விமர்சனம் போட்டது: ஒருவர் ஐந்து நட்சத்திரம், மற்றவர் பூச்சியம். 2007இல் அவருக்கு இசைக்கான புலிற்சர் பரிசு கிடைத்தது.

அவருடைய வெள்ளைப் பிளாஸ்ரிக் வாத்தியத்தையும் சிலர் நக்கலடித்தார்கள். லண்டனில் செய்த கிராஃப்ரன் அல்ரோ அது, மலிவு. பித்தளை வாத்தியத்தில் சாவியைத் தாங்கும் தூண் உடைந்தால் ஈயம் வைத்து ஒட்டலாம். பிளாஸ்ரிக் வெடித்தால் அதோடு சரி. நம் ரொறன்ரோ மசி மண்டபத்தில் 1953 மே மாதம் ஜாஸ் சக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் வாசித்ததும் கிராஃப்ரன்தான். பார்க்கரின் கிராஃப்ரன் 1994 ஏலத்தில் 93,500 பவுணுக்குப் போனது.

கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது மாஸ்ரரிடம் இதைச் சொன்னேன். அவர் விசாரித்தது பரிசளிப்பு விழாப் பொடியனை. அவன் ஸ்காபரோவில் வீடு விற்கிறான், வாத்தியம் தொட்டு முப்பது வருடம். அதை நான் சொல்லவில்லை.

“உங்க குளிருக்குப் பாட் காஞ்சு இறுகும். அவனைத் தாள் வைச்சுப் பாக்கச் சொல்லு” என்றார்.