மான்செஸ்டரில் கேட்கப் பழகிய கிற்றார்கள்

மின்சாரமில்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ஒலிநாடாவில் பாட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு, மான்செஸ்டருக்குக் குடிவந்த புதிதில் இந்த ஊரின் இசை பிடிபடவே இல்லை. களஞ்சியசாலையின் வானொலியில் இரவு முழுவதும் ஒலித்த கிற்றார் பாடல்கள் எல்லாம் ஒன்றுபோலவே கேட்டன. என்னோடு பொதி அடுக்கிய, இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த மூத்தவர் ஒருவர்தான், தேநீர் இடைவேளைகளில் அந்தப் பாடல்களின் இசைத்தட்டுகளை யார் அச்சிட்டார்கள், யார் கடைகளுக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்லத் தொடங்கினார். இண்டி ராக்கின், அதாவது பெருநிறுவனங்களைச் சாராத சுயாதீன இசைத்தட்டு நிறுவனங்களிலிருந்து எழுந்த கிற்றார் இசையின், வரலாறு எனக்கு அந்த வழியாகவே திறந்தது. அதைப் புரிந்துகொள்ள அதுவே சரியான வழி என்று இன்றும் நம்புகிறேன்.

நகர நடுவில், பிக்கடில்லி கார்டன்ஸில், ராபர்ட் பீலின் சிலை நிற்கிறது. அதன் அடியில் நான்கு இளைஞர்கள் நிற்கும் போலராய்ட் படமொன்றே 1977 ஜனவரியில் வெளிவந்த ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ இசைத்தட்டின் உறை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை லண்டனிலிருந்து வரவழைத்து இந்நகரில் பாடவைத்த ஹவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும், தங்கள் பஸ்காக்ஸ் குழுவுக்காக உறவினரிடமும் நண்பர்களிடமும் சுமார் 500 பவுண் கடன் வாங்கி, மார்ட்டின் ஹனெட்டின் மேற்பார்வையில் நான்கு பாடல்களை ஒரே நாளில் பதிவுசெய்து, நியூ ஹார்மோன்ஸ் என்று தாமே பெயரிட்ட நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டவை ஆயிரம் பிரதிகள்; இறுதியில் பதினாறாயிரம் வரை விற்றன. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதை உறையிலேயே எழுதியிருந்தார்கள். ‘போர்டம்’ பாடலின் தனிக் கிற்றார்ப் பகுதியில் இரண்டே சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இதை நாமும் செய்யலாம் என்று கேட்பவரைத் துணியவைக்கும் அந்தத் திறந்த மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

துணிவு வந்தபின் விநியோகம் வேண்டியிருந்தது. லண்டனில் ஜெஃப் ட்ராவிஸ் 1976இல் திறந்த ரஃப் டிரேட் கடையும், பின்னர் அதைச் சுற்றி உருவான, ‘த கார்ட்டெல்’ எனப்பட்ட பிராந்திய விநியோகஸ்தர் கூட்டமைப்பும், பெருநிறுவனங்களின் உதவியின்றியே நாடெங்கும் தட்டுகளைக் கொண்டுசேர்த்தன. 1980 ஜனவரியில் சுயாதீனத் தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே தொடங்கியது; அதில் இடம்பெறுவதற்கான தகுதி இசையின் பாணியில் இல்லை, பெருநிறுவனங்களைச் சாராத விநியோகத்தில் இருந்தது. மான்செஸ்டரில் டோனி வில்சனும் நண்பர்களும் 1978இல் தொடங்கிய ஃபேக்டரி நிறுவனம் இலாபத்தைக் கலைஞர்களோடு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டது. ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் ஆகிய குழுக்கள் அங்கிருந்துதான் வந்தன. அதே தாராளமும், அது நடத்திய ஹசியெண்டா இரவு விடுதியின் செலவுகளும் அந்நிறுவனத்தை 1992இல் சாய்த்தன. விடுதி இருந்த இடத்தில் இன்று அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

ஊரோடு என்னை ஒட்டவைத்தவர்கள் த ஸ்மித்ஸ். 1982இல் உருவாகி, அடுத்த ஆண்டே ரஃப் டிரேட் வழியாகத் தட்டு வெளியிட்ட இக்குழுவின் நால்வரும் அயர்லாந்து வம்சாவளியினர் என்று அந்த மூத்தவர் சொன்னபோது, அவருடைய பெற்றோரும் அங்கிருந்து வந்தவர்களே என்பது எனக்கு நினைவு வந்தது. அக்குழுவின் ஜானி மாரின் கிற்றாரை அதன் பின்பே கவனித்துக் கேட்டேன். சுருதிக் கூட்டங்களை முழுதாக மீட்டி அழுத்தாமல், கம்பி கம்பியாகப் பிரித்து, ஒரு மெட்டின் மேல் இன்னொரு மெட்டாகப் பின்னுகிறார். மூன்று பேர் வாசிப்பதுபோல் இருக்கிறது. ஒன்றுபோலவே கேட்ட பாடல்கள் எனக்குப் பிரிந்து கேட்கத் தொடங்கியது அங்கேதான்.

1986இல் என்எம்ஈ இசை இதழ், சுயாதீனக் குழுக்களின் பாடல்களைத் தொகுத்து சி86 என்ற ஒலிநாடாவை வெளியிட்ட பிறகு, இண்டி என்றால் மணி ஒலிப்பதுபோன்ற கிற்றாரும் கூச்சமான குரலும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, இந்நகரின் பர்னேஜில் வளர்ந்த கலகர் சகோதரர்களின் ஒயாசிஸ் 1994இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது, அதை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனத்தின் 49 சதவீதம் சோனியிடம் இருந்தது. ஆனாலும் உலகம் அவர்களை இண்டி என்றே அழைத்தது. அந்தப் பாடல்களை நானும் விரும்புகிறேன். ஆனால் உரிமையைப் பற்றிய கேள்வி மறைந்து ஓசை மட்டும் எஞ்சியது ஓர் இழப்பு என்றே கருதுகிறேன்.

அதனால்தான் யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரினால் லண்டன் திரும்பிய எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தையும் இந்த வரலாற்றுக்குள் வைத்தே பார்க்கிறேன். இண்டிக் குழுவான எலாஸ்டிகாவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு உறை வடிவமைத்துத்தான் அவர் இசையுலகுக்குள் நுழைந்தார். அக்குழுவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மனும் பல்ப் குழுவின் ஸ்டீவ் மக்கேயும் அவரோடு இணைந்து எழுதிய ‘கலாங்’ பாடல் 2003இல் ஒரு சிறு நிறுவனத்தின் வழியாக ஐந்நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகியது. தந்தையின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பத்தை 2005இல் வெளியிட்டதும் எக்ஸ்எல் என்ற சுயாதீன நிறுவனமே. அதில் கிற்றாரைத் தேடுபவர்கள் அது இண்டி அல்ல என்பார்கள். தட்டு பிறந்த விதத்தைப் பார்க்கும் எனக்கு, பஸ்காக்ஸின் ஆயிரம் பிரதிகளுக்கு மிக நெருங்கிய உறவு அந்த ஐந்நூறுதான்.